அத்தெமி இயல்: வாங்கிக் கொடுத்தலின் இலக்கணம்

சண்டை வீடியோ கேம்களில் குத்தவும் உதைக்கவும் ஆயிரம் வழி உண்டு. அடிக்காமல் நிற்பதையே ஓர் அடியாக்கிய வழி ‘கவுண்டர்’ ஒன்றே. ரயில் டிக்கெட் தரும் கவுண்டரும், நண்பர் கூட்டத்தில் கொடுக்கப்படும் கவுண்டரும் இதனின் வேறு. எதிராளியின் கை மேலே படும் கணத்தில் அதைப் பற்றி, அவனையே தரையில் சாய்ப்பது இது. இதுவரை இதற்கு யாரும் உரை எழுதாததால் நாம் எழுதப் புகுந்தோம்.

பெயரியல்

ஜப்பானின் எஸ்என்கே நிறுவனம் 1991இல் வெளியிட்ட ‘ஃபேட்டல் ஃப்யூரி’யின் கடைசி வில்லன் கீஸ் ஹோவர்ட். 1993இல் ‘ஃபேட்டல் ஃப்யூரி ஸ்பெஷல்’ வந்தபோது ஆடுவோர் கைக்கும் வந்துசேர்ந்தார். அவருடைய கவுண்டரின் பெயர் ‘அத்தெமி நகே’. தற்காப்புக் கலையில் அத்தெமி என்றால் அடி. நகே என்றால் எறிதல். நாளடைவில் ஜப்பானிய ஆட்டக்காரர்கள் பின்பாதியை விழுங்கிவிட்டார்கள். இன்று அவர்கள் பேச்சில் எந்த கேமின் கவுண்டரும் அத்தெமிதான். ஆக, அடியைக் குறித்த சொல்லே அடியை முறிப்பதற்குப் பெயராயிற்று. அடிப்பவன் உடைமையைப் பிடுங்கித் தனதாக்குவது இவ்வித்தையின் தொழில். சொல்லிலும் அதையே செய்திருக்கிறது. இதை ஆகுபெயர் என்று விட்டுவிடுவதா, களவு என்று வழக்குப் பதிவதா என்பது பண்டிதர்கள் முடிவு செய்ய வேண்டியது.

காலவியல்

இக்கலையில் நொடி என்பது 60 ஃப்ரேம். 2017இல் கீஸ் விருந்தாளியாக வந்திறங்கிய ‘டெக்கன் 7’இல், வேகமான சாதாரணக் குத்துக்கு 10 ஃப்ரேம் போதும், அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கு. கண் கண்டு விரல் அசைய மனிதனுக்குக் கிட்டத்தட்டக் கால் நொடி, 15 ஃப்ரேம், வேண்டும். எனவே, “குத்தைப் பார்த்துத்தான் அத்தெமி போட்டேன்” என்பவர் பேச்சை நம்பற்க. குத்து கிளம்புமுன்பே பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். வினா வருமுன்பே வந்து காத்திருக்கும் விடை இது. ஜப்பானியர் இதை ‘யோமி’ என்பர். வாசிப்பு என்று பொருள். வாசிக்கப்படும் ஏடு எதிராளியின் அவசரம்.

கொடுக்கல் வாங்கல்

திருப்பித் தருவதிலும் இரு மரபுகள் உண்டு. 2001இல் வந்த ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ’யில் மார்த், ராய் என இரு வாள்வீரர்கள். மார்த், இடிபோன்ற அடியை வாங்கினாலும் கிள்ளல் போன்ற அடியை வாங்கினாலும் திருப்பித் தருவது எப்போதும் மாறாத 7 விழுக்காட்டுச் சேதம்தான். ராயோ வாங்கியதை ஒன்றரை மடங்காக்கித் தருவார். மொய் நோட்டு எழுதிப் பழகியவர்களுக்கு இவர்களுள் யார் மானஸ்தர் என்று விளக்க வேண்டியதில்லை.

குற்றங்கள்

இரண்டு. முதலாவது, எதிராளி அடிக்காமல் பிடித்து எறிதல். 1996இல் வந்த ‘டெட் ஆர் அலைவ்’ இதைச் சட்டமாகவே வகுத்தது: எறிதலை அடி வெல்லும், அடியைக் கவுண்டர் வெல்லும், கவுண்டரை எறிதல் வெல்லும். இரண்டாவது, இதனினும் கொடிது: எதிராளி எதுவுமே செய்யாதிருத்தல். அப்போது கவுண்டர் போட்டவர் நிலை, மேடையில் பொன்னாடைக்குக் கழுத்தை நீட்டி, அது பக்கத்து நாற்காலிக்காரருக்கு என்று அறிந்தவர் நிலை. நீட்டிய கழுத்தை உடனே இழுத்துக்கொள்ளவும் வழியில்லை. இத்தனை ஃப்ரேம் அப்படியே நிற்க வேண்டும் என்பது விதி.

கள ஆய்வு

ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டவன் அக்கா மகன், ஆறாம் வகுப்பு. நான் கீஸ். முதல் ஆட்டத்தில் அத்தெமிக்குக் கைவிரித்து நின்றேன். அவன் அடிக்கவில்லை, ஒரு கடலையை உரித்து வாயில் போட்டான். என் கை தளர்ந்ததும் பிடித்து எறிந்தான். இரண்டாவது ஆட்டத்திலும் கடலை, எறிதல். மூன்றாவதில் தந்திரமாக அத்தெமி போடாமலே நின்றேன். ஓடிவந்து குத்தினான். நான் போடப்போவதும் போடாததும் இவனுக்கு எப்படித் தெரிகிறது? அவன் திரையைப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“அதைப் போடறதுக்கு முன்னாடி நீங்க நாக்கைக் கடிப்பீங்க மாமா.”

நான்காவது ஆட்டத்துக்கு முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டேன். ஆய்வு தொடர்கிறது.