இருக்கையும் ஈகையும்: ஒரு பின்புல ஆய்வு

கொடை எந்த உறுப்பிலிருந்து பிறக்கிறது என்பதில் முன்னோர் கருத்து வேறுபடுவர். நெஞ்சிலிருந்து என்பர் புலவர். கையிலிருந்து என்பர் கல்வெட்டு எழுதியோர். பையிலிருந்து என்பர் வருமான வரித் துறையினர். மூன்றும் பொருந்தா. கொடை பிறக்குமிடம் பிருஷ்டம் என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதுவும் கொடுப்பவருடையதன்று, அவரிடம் கேட்பதற்காகச் சைக்கிள் மிதிப்பவருடையது.

சான்றுக்கு இங்கிலாந்து செல்வோம். ஆண்டுதோறும் ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், லண்டனின் கிளாப்பம் காமன் திடலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சைக்கிளில் புறப்பட்டு, 54 மைல் மிதித்து, பிரைட்டன் கடற்கரையில் போய் இறங்குகிறார்கள். பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் என்னும் அறக்கட்டளைக்கு, இதய நோய் ஆராய்ச்சிக்காக, நிதி திரட்டுவது நோக்கம். லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒருவர் அந்த ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து, சாண்ட்விச் தின்றபடி பிரைட்டன் போய்விட்டுத் திரும்பிவந்து, "இதய நோயாளிகளுக்காகப் போய்வந்தேன், இருபது பவுண்டு எழுதுங்கள்" என்று அலுவலகத்தில் கேட்கட்டும். என்ன கிடைக்கும்? ஊர் அதே ஊர், நோக்கம் அதே நோக்கம். மாறியது இருக்கை ஒன்றே.

இதனை அடியேன் யாத்த நூற்பா பின்வருமாறு கூறும்:

வாளா கேட்பின் வணக்கமே கிட்டும்;
மிதித்துக் கேட்பின் மிகுபொருள் வருமே.

'வாளா' என்றது சைக்கிள் இன்றி என்றவாறு. 'வணக்கமே' என்னும் ஏகாரம் பிரிநிலை; வணக்கம் தவிர வேறொன்றும் பெயராது என்பது கருத்து. 'வருமே' என்பதன் ஏகாரம் தேற்றம் என்பர் அமைப்பாளர். வெறும் ஈற்றசை என்பர் நிதி கேட்டு அலைந்தோர்.

இது விளையாட்டுப் பேச்சு என்று ஒதுக்குவோர் உளராயின், கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபீர் என்னும் உளவியலாளர் இருவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வைக் காண்க. 'தியாகி விளைவு' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அறப்பணிக்காக ஐந்து மைல் ஓட வேண்டும் என்றால் மக்கள் அதிகம் கொடுக்க முன்வருகிறார்கள். அதே பணிக்காக ஒரு பிக்னிக் என்றால் கை சுருங்குகிறது. இன்னொன்றும் கண்டார்கள். திரட்டும் பணம் மனிதர் துன்பம் துடைக்கப் போகிறதென்றால்தான் வலிக்கு இந்த மவுசு. பூங்கா அமைக்க என்றால் விளைவு மங்கிவிடுகிறது. நோயாளி நோகும்போது, அவருக்காகக் கேட்பவரும் கொஞ்சம் நொந்தாக வேண்டும் என்பது உலகோர் தீர்ப்பு.

இனி உடற்கூறு. கட்டுரையின் மையம் இதுவே ஆதலின் சற்றுப் பொறுமை தேவை. சைக்கிளில் அமரும்போது உடற்பாரத்தின் பெரும்பங்கு இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முண்டுகளின் மேல் இறங்குகிறது. வீட்டு நாற்காலியிலும் அவைதான் தாங்குகின்றன. ஆனால் நாற்காலி நம்மை நம்பி ஒப்புக்கொடுக்கும் அகலத்தில் பாதியைக்கூடச் சைக்கிள் சீட்டு தருவதில்லை. புதிதாகச் சேர்ந்தவர் இதற்கு மாற்றாக மெத்தென்ற ஜெல் சீட்டு வாங்கி மாட்டுவார். கடையில் விரலால் அமுக்கிப் பார்க்கையில் சொர்க்கமாகவே இருக்கும். சாலையிலோ, முண்டுகள் இரண்டும் அதனுள் புதைந்துவிட, சீட்டின் நடுப்பகுதி மேலெழும்பி எலும்பில்லாத மென்மையான இடங்களை நெருக்கும். மெத்தென்றதே வலிக்கும் என்னும் இவ்வுண்மையைக் கேட்டு நம்பியவர் எவருமில்லை. அனைவரும் உட்கார்ந்தே கற்கிறார்கள்.

அடுத்தது உள்ளாடைச் சிக்கல். சைக்கிள் கால்சட்டையின் உள்ளே ஒரு திண்டு தைத்திருக்கும். முற்காலத்தில் அது மெய்யாகவே ஷாமுவா என்னும் மலையாட்டின் தோல்; இப்போது செயற்கை நுரை. இதற்குள்ளே ஜட்டி அணியக் கூடாது என்பது விதி. அதன் தையல் மடிப்புகள் உராய்ந்து தோலை உரித்துவிடும். முதல் முறை வருபவர் மானம் கருதி அணிந்துகொண்டு புறப்படுவார். மானம் இருபதாவது மைலுக்குமேல் உடன் வருவதில்லை. பிறகு பல ஆண்டு நண்பரைப்போல ஒரு களிம்புக் குப்பி சட்டைப் பையில் குடியேறுகிறது. அதை எங்கே தடவுவது, எப்போது தடவுவது, வழியில் தடவ வேண்டிவந்தால் எந்தப் புதரின் பின்னே என்பன போன்ற கேள்விகள் வங்கி மேலாளரும் வாத்தியாரும் வெட்கமின்றி விவாதிக்கும் ஒரே இடம் இந்தப் பயணங்கள்தாம்.

தோல் சீட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. பர்மிங்காமில் 1866-இல் குதிரைச் சேணத் தோல் தொழில் தொடங்கியவர் ஜான் போல்ட்பீ புரூக்ஸ். குதிரை செத்துப்போனதால் அவர் சைக்கிளுக்கு மாறினார் என்றும், இருக்கை பொறுக்காமல் தாமே தோலில் ஒன்று செய்யத் துணிந்தார் என்றும் கதை வழங்குகிறது. ஒரு குதிரையின் மரணம் இத்தனை பேரின் பின்புறத்துக்கு ஆறுதல் தந்தது என்றால் அதற்குச் சிலை எழுப்பலாம். எனினும் புதுத் தோல் சீட்டு நூற்றுக்கணக்கான மைல் ஓடிய பிறகே உட்காருபவரின் வடிவுக்கு வளைந்து கொடுக்கும். அதுவரை வளைபவர் யார் என்பது வெளிப்படை.

வலி இருந்தால் போதாது. அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இதற்கென்றே பிரைட்டனுக்குச் சற்று முன்னால் டிட்ச்லிங் பீக்கன் என்றொரு குன்று இருக்கிறது. உயரம் 248 மீட்டர். உதகைக்காரர் இதை மலை என்று ஒப்பார். வண்டியை விட்டு இறங்கவும் மாட்டார். ஆனால் நாற்பத்துச் சொச்சம் மைல் மிதித்தபின், குறுகிய செங்குத்துச் சாலையில் முன்னால் போகிறவர் இறங்கிவிட்டால் பின்னால் வருகிறவரும் இறங்கத்தான் வேண்டும். திரள் திரளாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறார்கள். தள்ளி ஏறிய தொலைவுக்கு நன்கொடையில் பிடித்தம் உண்டா? இல்லை என்பது எம் துணிபு. மைலுக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டவர், சைக்கிள் ஆளைச் சுமக்க வேண்டும் என்றோ, ஆள் சைக்கிளைச் சுமக்கலாகாது என்றோ எங்கும் எழுதவில்லை.

கேட்கும் கலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மொய் நோட்டு கண்டவர்களுக்கு அது புதிதன்று. முதல் பக்கத்தில் மாமா ஆயிரத்தொன்று எழுதிவிட்டால், அடுத்து வருபவர் நூற்றொன்றை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். 2010 லண்டன் மராத்தானில் ஓடியவர்களின் நன்கொடைப் பக்கங்களைப் பிரிட்டிஷ் பொருளியலாளர்கள் ஆராய்ந்து இதையே கண்டறிந்தார்கள்: பெரிய தொகை ஒன்று விழுந்தால் அடுத்து வருவன உயர்கின்றன, சிறியது விழுந்தால் தாழ்கின்றன. நம்மூர்த் தாய்மாமன்கள் இதை ஆய்விதழில் எழுதியதில்லை.

மிதித்து நிதி திரட்டுவதை அமெரிக்கர்கள் விதியாகவே ஆக்கினார்கள். தாயைப் புற்றுநோய்க்கு இழந்த பில்லி ஸ்டார் 1980-இல் 36 பேரோடு மாசச்சூசெட்ஸைக் குறுக்கே கடந்து 10,200 டாலர் திரட்டினார். அதுவே பேன்-மாஸ் சேலஞ்ச். பாஸ்டனின் டேனா-ஃபார்பர் புற்றுநோய்க் கழகத்துக்கு இதுவரை அது அளித்தது 100 கோடி டாலருக்கு மேல். இதில் கலந்துகொள்வோர் குறைந்தது இவ்வளவு திரட்ட வேண்டும் என்று வரம்பு உண்டு; குறைந்தால் மீதியை அவரவர் கடன் அட்டையிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். பிருஷ்டம் தவறினால் பர்ஸ் ஈடு.

அஃதேல், பணத்தை நேரே கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருக்கலாமே எனின், அற்றன்று. தமிழகக் கிராமங்களில் பள்ளித் திடலில் கம்பம் நட்டு, குழாய் ஸ்பீக்கர் கட்டி, ஒருவர் நாள்கணக்கில் சைக்கிளைவிட்டு இறங்காமல் சுற்றி வந்ததைக் கண்டோர் இன்றும் உளர். குளியல், சாப்பாடு, சட்டை மாற்றுதல் எல்லாம் சைக்கிள் மேலேயே. ஊரார் ரூபாய் நோட்டை அவர் சட்டையில் குண்டூசியால் குத்துவார்கள். குத்தியவர் பெயர் மைக்கில் முழங்கும். சேர வேண்டிய ஊரே இல்லாதபோதும் கொடை வந்தது. ஆகவே பிரைட்டன் ஒரு சாக்கு என்பதும், இறங்காத இருக்கையே முதற்காரணம் என்பதும் பெறப்படும். அவர் தம் வயிற்றுக்காகச் சுற்றினார், இவர்கள் பிறர் இதயத்துக்காகச் சுற்றுகிறார்கள் என்னும் வேறுபாடு உறுப்பைப் பற்றியதே, கோட்பாட்டைத் தொடாது.

எம் கொள்கைக்கு எதிர்ச்சான்று ஒன்று உண்டு. மறைப்பது ஆய்வறம் ஆகாது. 2020-இல் பெருந்தொற்றால் பேன்-மாஸ் சேலஞ்சின் கூட்டுப் பயணம் நடக்கவில்லை. அவரவர் தத்தம் ஊரில் மிதித்தார்கள், ஓடினார்கள், நடந்தார்கள். அப்படியும் 5 கோடி டாலர் சேர்ந்தது. முந்தைய ஆண்டு சேர்ந்தது 6.3 கோடி. எனவே பிறர் காண வலிப்பதற்கும் தனியே வலிப்பதற்கும் இடையே 1.3 கோடி டாலர் என்று கணக்கை நேர்செய்து, எதிர்ச்சான்றை எம் பக்கமே சேர்த்துக்கொள்கிறோம்.

எஞ்சியது மின்மோட்டார் பொருத்திய சைக்கிளில் வருவோர் பற்றிய வழக்கு. அவர்களுக்குப் பாதி கொடுத்தால் போதும் என்று கஞ்சர் வாதிப்பர். மோட்டார் காலுக்குத்தான் துணை, இருக்கைக்கு அன்று. ஆகவே முழுத் தொகையும் எழுதுக.