பதினாறும் பெற்றவர்

பழைய மகாபலிபுரம் சாலையில் எந்த ஐ.டி. கட்டடத்திலும் இரவு ஷிப்ட் நேரத்தில் நுழைந்து பாருங்கள், இவர் இருப்பார்: சர்வர்களைக் கட்டி மேய்க்கும் சிஸ்டம் அட்மின். ஏ.சி. குளிருக்குத் தலையில் குரங்குக் குல்லாய், பக்கத்தில் ஆடை படிந்த டீ, எதிரே கறுப்புத் திரை. மவுஸ் ஒன்று உண்டு. காகிதம் பறக்காமல் இருக்க அதை மேலே வைத்திருக்கிறார். அவசரத்துக்கு யாராவது அதைத் தொட்டுவிட்டால், பந்தியில் இடது கையால் பரிமாறியவனைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை.

சர்வர்கள் எல்லாம் வர்ஜீனியாவில். ஒன்றைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும், “நம்ம ஒன்பதாவது நேத்துலேர்ந்து ஒரு மாதிரியா இருக்கான்” என்பார், பிள்ளைக்கு மாந்தம் என்கிற குரலில். பார்த்தால் டிஸ்க் நிரம்பியிருக்கும்.

ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டு திருட்டு நடந்தபிறகு, 1995-ல் தாத்து யூலோனென் என்பவர் எழுதியது, தூரத்து சர்வருக்குள் பத்திரமாக நுழைய உதவும் எஸ்எஸ்எச். அதைப் பற்றி இவர் பேசினால் சொந்தத் தாத்தா வெட்டிய கிணற்றைப் பற்றிப் பேசுவதுபோலவே இருக்கும். தாத்தா சொத்து எஸ்எஸ்எச் என்றால், தானே தேடிக்கொண்டது டீமக்ஸ். திரையைப் பதினாறு கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு சர்வரைக் குடிவைத்து, சிங்க் போட்டுவிடுவார். ஓர் இடத்தில் தட்டினால் பதினாறிலும் எழுத்து விழும்.

“ஒரு வார்த்தை சொன்னேன், பதினாறும் கேக்குது. உன் வீட்ல நடக்குமா தம்பி?”

“இதுக்குத்தான் 2012-லயே அன்சிபிள் வந்துடுச்சேண்ணா…”

“நீ அதுல எழுதி முடிக்கறதுக்குள்ள நான் வேலைய முடிச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.”

போகமாட்டார். அது வேறு விஷயம்.

பயமும் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் வேறு சர்வர் என்று நினைத்து அசல் டேட்டாபேஸில் கைவைத்து, சுதாரிப்பதற்குள் 300 ஜி.பி.யில் நாலரைதான் மிஞ்சிய கதையை, புதிதாகச் சேருபவர்களுக்குப் பேய்க்கதைபோல் சொல்வார். அதனால் புரொடக்‌ஷன் என்றால் பிராம்ப்ட் சிவப்பு. எல்லாவற்றிலும் மாலி-கார்டு வேறு போட்டிருக்கிறார். மாலி என்பது ஒரு புரோகிராமரின் குட்டிப் பெண், ஐ.பி.எம். மெயின்பிரேமின் சிவப்பு ஸ்விட்சை ஒரே நாளில் இரண்டு தடவை தட்டிவிட்டாள், மூடி போட்டார்கள். அந்தப் பெயரில் வந்த புரோகிராம், ரீபூட் என்று அடித்தால் “எந்த சர்வர், பெயரைச் சொல்” என்று கேட்கும்.

ரீபூட்டுக்குக் கேட்கும். கொத்தமல்லிக்குக் கேட்காது.

ஒரு விடியற்காலை வீட்டம்மாவிடமிருந்து மெசேஜ்: வரும்போது கொத்தமல்லி. சாட் ஜன்னல் என்று நினைத்து, “கொத்தமல்லி மட்டும் போதுமா” என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்து என்டரைத் தட்டினார். பதினாறு கட்டமும் ஒரே நேரத்தில், தப்பாமல், பணிவாகப் பதில் சொல்லின: “கொத்தமல்லி: கமாண்ட் நாட் ஃபவுண்ட்.” இவர் சுற்றும்முற்றும் பார்த்தார். நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அடித்ததையெல்லாம் ஹிஸ்டரி குறித்துவைக்கும் என்பது ஊருக்கே அவர் சொல்லிக்கொடுத்த பாடம். திங்கட்கிழமை கான்ஃபரன்ஸ் காலில் அமெரிக்க ஷிப்ட்காரர் வெகு அக்கறையாகக் கேட்டார்: கொத்தமல்லி என்று ஒரு டூலைப் பதினாறு சர்வரிலும் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களே, இன்ஸ்டால் செய்துவைக்கட்டுமா?

குல்லாயைச் சரிசெய்துகொண்டு இவர் சொன்னார்: “வேண்டாம். அதை லோக்கல்லயே பாத்துக்கிட்டோம்.”