மாப்ளே, அசல் கறி சுடப்போறியாமே?

நாமக்கல் ரோட்டோரமா கடை போடப்போறியாம். ‘அசல் தொட்டியம் பாரம்பரிய பார்பிக்யூ’ன்னு போர்டுகூட எழுதக் குடுத்தாச்சாம். உங்கம்மா வந்து சொன்னா. ரொம்ப சந்தோசம் மாப்ளே. பொறந்ததுலேருந்து இந்தத் தொட்டியத்து வாழைக்கொல்லையிலதான் கெடக்கேன். இப்படியொரு பாரம்பரியம் நம்மகிட்ட இருக்குங்கிற சேதி உன் போர்டு வந்துதான் எனக்கே தெரியணும்னு இருந்திருக்கு. தாய்மாமன் சும்மா இருக்கலாமா? சீர் செய்யக் கையில காசில்ல. நாலு யோசனையாவது செய்யுறேன், வாங்கிக்க.

மொதல்ல விறகு. அமெரிக்காவுல டெக்ஸாஸ்காரன் மெஸ்கீட் மரத்துப் புகையிலதான் கறி சுடுவானாம், அந்தச் சிராயைப் பார்சல்ல தருவிச்சிருக்கியாம். அது யாருன்னு விசாரிச்சியா? நம்ம ஏரிக்குள்ள முள்ளை நீட்டிக்கிட்டு நிக்குதே சீமைக்கருவேலம், அதுக்கு ஒண்ணுவிட்ட பங்காளி. ரெண்டையும் ப்ரோசோபிஸ்னு ஒரே பேர்லதான் படிச்சவங்க எழுதி வச்சிருக்காங்க. அங்க அதுக்குப் புகை, இங்க அதுமேல புகார். 2017-ல ஐகோர்ட்டு மதுரைக் கிளையே அதை வேரோட புடுங்கச் சொல்லுச்சு. ராமநாதபுரத்துக்காரங்க அதைக் கரியாக்கி மூட்டை மூட்டையா லாரியில ஏத்துறாங்க. கடல் தாண்டி வந்த சிராய்க்குக் குடுத்த காசுக்கு, ஏரிக்கரை முள்ளை வெட்டியிருந்தா பஞ்சாயத்துல மாலையே போட்டிருப்பாங்க.

ரெண்டாவது, ‘கம்பியில கோத்துச் சுடுறதெல்லாம் வடநாட்டுச் சங்கதி’ன்னு எவனாவது வம்புக்கு வருவான். பொருநராற்றுப்படையைக் கையில வச்சுக்க. நம்ம காவிரிச் சோழன் கரிகாலன் விருந்து போடுறான். கம்பியில கோத்துச் சுட்ட கொழுத்த கறி, சூடு தாங்காம வாயில இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கி ஒதுக்கித் திங்குறான் பாட்டுக்காரன். ராவும் பகலும் தின்னு, கொல்லை உழுத கொழு மாதிரி பல்லு மழுங்கிப் போச்சுங்கிறான். தின்னவன் பல்லைப் பத்தி எழுதியிருக்கே தவிர, அது அசல் உறையூர் முறையான்னு ஒரு வரி கெடையாது. பசிச்சவனுக்கு அந்தச் சந்தேகம் வராது மாப்ளே.

சந்தேகம் வந்தா எங்க போய் நிக்கும்னு டில்லியைப் பாரு. பட்டர் சிக்கனைக் கண்டுபுடிச்சது யாருன்னு 2024 ஜனவரியில ஐகோர்ட்டுக்கே போயிட்டாங்க. ஒரு பக்கம் மோதி மகால், இன்னொரு பக்கம் தரியாகஞ்சுன்னு ஒரு ஓட்டல். ரெண்டு தரப்பும் பெருமையாச் சொல்ற ஆளு பேரு குந்தன் லால். ஒருத்தர் குஜ்ரால், இன்னொருத்தர் ஜக்கி. பெஷாவர்லேருந்து பிரிவினையப்போ வந்து, ஒரே கடையில கூட்டாளியா இருந்தவங்க. கோழி என்னைக்கோ செரிச்சுப் போச்சு, வாய்தா மட்டும் நிக்குது.

அமெரிக்காவுல இன்னும் கூத்து. கரோலினாவுல கெழக்கால இருக்கிறவன் முழுப் பன்னியைச் சுட்டு வினிகரும் மிளகாயும் தெளிப்பான். மேக்கால இருக்கிறவன் தோள்பட்டைக் கறியோட தக்காளிச் சாறு சேப்பான். தெற்கத்தியான் கடுகை அரைச்சு ஊத்துவான். மூணு பேரும் ஒருத்தனை ஒருத்தன் போலிம்பான். டெக்ஸாஸ்காரன் மாட்டு நெஞ்சுக்கறிக்கு உப்பும் மிளகும் போதும், மத்ததெல்லாம் பாவம்பான். அந்தப் புகைபோடுற வித்தையை அங்க கொண்டுபோனதுல ஜெர்மனியிலேருந்தும் செக் நாட்டுலேருந்தும் பொழைக்கப் போன கசாப்புக்காரங்களுக்குப் பெரிய பங்கு. தெற்குப் பக்கத்துப் பண்ணையில குழி வெட்டி, விடிய விடிய கண்ணு முழிச்சுக் கறி சுட்டவங்க அடிமையா இருந்த கறுப்பு சனங்க. பேரு வாங்கினவன் திண்ணையில உக்காந்திருந்த பண்ணையாரு. இதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்க, பின்னால வேலைக்கு ஆகும்.

சரி, நம்ம ஊருக்கு வா. நாம சுட்டதே இல்லையான்னா, சுட்டோம். ஆனா அதுக்குச் சுட்டதுன்னு பேரு வச்சதில்ல. கோழியை மசுரு புடுங்கி, மஞ்சளைத் தடவி, காஞ்ச தென்னமட்டையைக் கொளுத்தி அந்தத் தீயில பெரட்டிப் பெரட்டி வாட்டுவோம். தோலு சுருங்கி, மஞ்சள் ஏறி, கொழுப்பு சொட்டுச் சொட்டா விழுந்து தீ சடசடன்னு கேக்கும். ஆட்டுத் தலையும் காலும் கொல்லம்பட்டறை உலைக்குப் போவும். பழுக்கக் காய்ச்சின கம்பியால மசுரைப் பொசுக்கிச் சொரண்டி, சூட்டோட குளம்பை ஒரு திருகு திருகினா கையோட வந்துரும். அவ்ளோதான். அது சாப்பாடு இல்ல மாப்ளே, கொழம்புக்கு முந்தின வேலை. அந்த வேலைக்கு நடுவுல ஆட்டுக் காதை ஒரு பய பிச்சிக்கிட்டு ஓடுவான் பாரு, தொட்டியத்து பார்பிக்யூன்னா அதுதான். அதுக்கு எப்படி நீ பில்லு போடுவ?

மீனு வேற சுடப்போறியாம். ‘காவிரி நாட்டு மீன்’னு ஜிலேபிக் கெண்டையை வாழையிலையில சுத்தி வைக்கப்போற. வாழையிலை நம்மூருதான், அதுல பேச்சில்ல. அந்த மீனு ஆப்பிரிக்காக்காரன். 1952-ல இந்தியாவுக்குக் கொண்டாந்து விட்டாங்க. அது பெருகிப் பெருகி, இப்ப கெண்டையும் கெளுத்தியும்தான் அதுகிட்ட எடம் கேட்டு நிக்குது. மேல தடவுற மிளகாயும் போர்த்துகீசியக் கப்பல்ல வந்த விருந்தாளி. விருந்தாளியைத் தொரத்தச் சொல்லல. ‘நாட்டு’ங்கிற எழுத்தைக் கொஞ்சம் சின்னதா எழுதச் சொல்லு, பெயிண்டாவது மிச்சம்.

இவ்ளோ சொல்லியும் அசல்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னேன்னா, வழி இருக்கு. வயல் எலி. அறுப்பு முடிஞ்சதும் வளைவாயில பானையை வச்சுப் புகையை ஊதி, வெளிய வர்றதைப் புடிச்சு, தீயில வாட்டி உப்பு தொட்டுத் திங்கிறது. இருளருங்களும் கூலிக்கு வயல்ல எறங்கின சனங்களும் தலைமுறை தலைமுறையா செஞ்சது. மசாலா கெடையாது, நெல்லு தின்னு வளந்த கறி. இதைவிடப் பாரம்பரியம் காவிரிப் பாசனத்துல வேற எது? போர்டுல எழுதேன் பாப்போம். முகத்தைச் சுளிக்கிற. அதான் மாப்ளே, அசலுக்கு ஒரு எல்லை வச்சிருக்கோம். பசிக்குத் தின்னவன் அடுப்பு அந்த எல்லைக்கு வெளியில, கார்ல வந்து எறங்குறவன் அடுப்பு உள்ளார. இப்பத் திண்ணைப் பண்ணையாரு ஞாபகம் வருதா?

இன்னொண்ணும் சொல்றேன். ஆடி ஒண்ணாந்தேதி அக்கரையில கரூர்ப் பக்கம், மேக்கால நாமக்கல், சேலம்னு போய்ப் பாரு. தெருத்தெருவா தேங்கா சுடுவாங்க. நாரை உரிச்சு, ஓட்டைக் கல்லுல தேச்சு வழவழப்பாக்கி, மஞ்சள் பூசி, ஒரு கண்ணைத் தொறந்து கொஞ்சம் தண்ணியை வடிச்சுட்டு, பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், எள்ளு போட்டு, நீளமா ஒரு அழிஞ்சிக் குச்சியைச் சொருகித் தீயில காட்டுவாங்க. ஓடு கருகி வெடிக்கிறப்ப வர்ற வாசனைக்கு எந்தக் கறியும் கிட்ட நிக்காது. பாரதப் போர் தொடங்குன நாளுன்னு அதுக்கொரு கதை சொல்லிப் புள்ளையாருக்குப் படைப்பாங்க. ஒரு வீட்டுல பொட்டுக்கடலை சேப்பாங்க, அடுத்த வீட்டுல அவலு. எது அசல்னு ஒருத்தனும் சண்டைக்கு வரமாட்டான், ஏன்னா எல்லா வீட்டுலயும் தீ எரியுது. ஊரே செய்யிற காரியத்துக்குப் போர்டு இருக்காது. போர்டு இருக்கிற எடத்துல ஊரு இருக்காது.

ஆகையினால கடையை மூடச் சொல்லல, ‘அசல்’ஐ மட்டும் அழிச்சுரு. அந்த எடத்துல சுடுறவன் பேரை எழுது. வெலைப்பட்டியலைவிட அடுப்பைக் கவனி. கொழுந்துவிட்டு எரியிறப்ப கறியைக் காட்டினா மேல கரி, உள்ள பச்சை. தணலு மேல சாம்பல் பூத்து வெளுத்து வர்ற வரைக்கும் பொறுக்கணும். அவசரத்துக்கு மண்ணெண்ணெய் ஊத்தினா ஊத்தினவனே உக்காந்து தின்னணும். கெழட்டுக் கிடான்னா நாலு மணி நேரமானாலும் மெதுவா வேகட்டும். கோழித் தொடையில எலும்போரம் செவப்பு நின்னா திரும்பப் போடு. தொட்டுக்க அந்த வெள்ளைச் சாந்து வேண்டாம்; பச்சை முட்டையில செஞ்ச மயோனைஸுக்கு 2025 ஏப்ரல்ல அரசாங்கமே ஒரு வருசம் தடை போட்டுச்சு. நாமக்கல் முட்டை பக்கத்துல மலிவாக் கெடைக்குதேன்னு வம்பை வெலைக்கு வாங்காதே. வெங்காயத்தைச் சுட்டு, புளி, உப்பு, மிளகு வச்சு நசுக்கிக் குடு.

யாராவது வந்து ‘இது முறையா?’ன்னு கேட்டா, காளத்தி மலைக்குப் போகச் சொல்லு. வேட்டையாடின பன்னிக்கறியைக் கோல்ல கோத்துக் காய்ச்சி, பதமா இருக்கான்னு தன் வாயில வச்சுப் பாத்து, நல்ல துண்டாப் பொறுக்கிச் சாமிக்கு வச்சாரு கண்ணப்பரு. முறை தெரிஞ்ச சிவகோசரியாரு பதறிப்போயி எடத்தைக் கழுவிக் கழுவிப் பூசை பண்ணினாரு. சாமி யாரு பக்கம்னு சேக்கிழாரு எழுதி வச்சுட்டாரு. முறையைக் காப்பாத்தினவரும் கெட்டவரில்ல, ஆனா கறியைப் பதம் பாத்தது அவரில்ல.

கடை தொறக்கிற அன்னைக்கு மொதத் துண்டைப் பதம் பாக்க ஆளு வேணுமில்ல? அந்தக் கஷ்டத்தை மாமன் ஏத்துக்கிறேன். சிவகோசரியாரு வேலைக்கு உங்கத்தை இருக்கா, சம்பளம் வேண்டாம்.