ரெண்டு செகண்ட் அங்கிள்

பழைய மகாபலிபுரம் சாலையில் இருநூறு வீடு உள்ள எந்த அடுக்ககத்துக்கும் போய்ப் பாருங்கள். காலை ஐந்தே முக்காலுக்குக் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தில் ஒருவர் சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். வயது நாற்பத்திரண்டுக்கு மேல், நாற்பத்தாறுக்குள். தலையில் ஹெல்மெட், காலில் மகனுடைய கிரிக்கெட் பேடு. பால் பாக்கெட் போடுகிற பையன் போவான், நாயை நடத்துகிறவர்கள் போவார்கள். யாரையும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார். மேனுவல் பழகுகிறார்.

"வீலிங்கா சார்?" என்று எங்கள் வாட்ச்மேன் ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார். அங்கிள் முகம் சுண்டிவிட்டது. வீலிங் என்பது போலீஸ் துரத்துகிற பையன்கள் மோட்டார் பைக்கில் காட்டுகிற வேலை. சைக்கிளில்கூட, மிதித்து மிதித்து முன்சக்கரத்தைத் தூக்கினால் அது வெறும் வீலி. மேனுவலில் மிதிக்கவே கூடாது. உருண்டுகொண்டிருக்கிற வண்டியில் எழுந்து நின்று, இடுப்பை இறக்கிப் பின்னால் தள்ளி, அந்தக் கனத்திலேயே முன்சக்கரம் எழும்ப வேண்டும். எழும்பியது அப்படியே போக வேண்டும். காட்டுப்பாதையில் மேடு, குழி, தண்ணீர்த் தேக்கம் எல்லாவற்றையும் வேகம் குறையாமல் தாண்ட உதவும். எங்கள் கீழ்த்தளத்தில் மேடு என்று இருப்பது பி பிளாக் திருப்பத்து வேகத்தடை ஒன்றுதான்.

மவுண்டன் பைக் இருக்கிறது, மவுண்டன்தான் இல்லை. முழு உடல் பரிசோதனையில் கொலஸ்டிரால் கணக்கைப் பார்த்த அன்று மாலையே பன்னிரண்டு தவணையில் வாங்கிய வண்டி அது. சென்னைக்காரனுக்கு வாய்த்தது சுமார் 300 அடி உயரப் பரங்கிமலை. அதற்கும் படிக்கட்டும் தார்ரோடும் போட்டாயிற்று. ஆனால் வரலாறு அத்துபடி. லிஃப்டில் தனியாக மாட்டினால் ஆறாவது மாடி வருவதற்குள் உங்களை 1976க்கு, கலிபோர்னியாவின் மரின் கவுண்டிக்குக் கொண்டுபோய்விடுவார். பழைய கனத்த சைக்கிள்களை மலைச்சரிவில் விட்டுப் பந்தயம் நடத்தினார்கள். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கிற பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் சூட்டில் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும், மறுபடி அடைக்க வேண்டும். அதனாலேயே பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பேர் வந்தது. "சஸ்பென்ஷன்கூடக் கிடையாது சார் அவங்களுக்கு!" என்று தழுதழுப்பார். இவர் வண்டியில் முன்னாலும் இருக்கிறது, பின்னாலும் இருக்கிறது.

இத்தனை தெரிந்தவருக்கு முன்சக்கரம் இரண்டு செகண்டுக்கு மேல் நிற்பதில்லை. அடுக்ககத்துப் பிள்ளைகள் தூணில் சாய்ந்துகொண்டு கோரஸாக எண்ணுவார்கள்: "ஒண்ணு... ரெண்டு..." தொப். அப்படி வந்த பேர்தான் அது.

பழி முழுக்க செயின்ஸ்டேக்கு. பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரைக்கும் உள்ள நீளம். அது குட்டையாக இருந்தால் முன்பக்கம் லேசாக எழும்பும் என்பது உண்மைதான். இவருடையது 445 மில்லிமீட்டர். 425 இருந்திருந்தால் கதையே வேறு என்கிறார். வித்தியாசம் ஒரு கட்டைவிரல் அகலம். அதற்கடுத்து 29 அங்குலச் சக்கரம்: அச்சு உயரத்தில், பெடல் பள்ளத்தில், எப்படி எழும்பும்? அதுவும் தப்பில்லை. ஆனால் சி பிளாக் வாண்டு ஒன்று, மணி கழன்ற வாடகை சைக்கிளில் இதே வேலையைக் கடலை மென்றுகொண்டே செய்கிறது. அதன் செயின்ஸ்டேயை அங்கிள் ஒருநாள் டேப் வைத்து அளந்தார். எத்தனை என்று எவரிடமும் சொல்லவில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். முன்னால் விழுந்தால் கை ஊன்றலாம். பின்னால் சாய்வதற்கு உடம்பு ஒப்புக்கொள்வதே இல்லை. இருபது வருஷமாக லேப்டாப் பக்கமும் மேனேஜர் பக்கமும் முன்சாய்ந்தே பழகிய முதுகு வேறு. 'இடுப்பைத் தள்ளு, இடுப்பைத் தள்ளு' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, கடைசி நொடியில் இடுப்பை அப்படியே வைத்துக்கொண்டு ஹேண்டில்பாரைப் பல் பிடுங்குவதுபோல் வெடுக்கென்று இழுப்பார். கையால் தூக்கிய சக்கரம் கையோடு கீழே வரும்.

இதற்கு மருந்து பின்பிரேக். முன்பக்கம் அளவுக்கு மீறி எழும்பும்போது பின்பிரேக்கை விரல் நுனியால் தொட்டால் போதும், முன்சக்கரம் இறங்கிவிடும். அதை நம்பினால்தான் முதுகு பின்னால் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கிள் நம்பினார். கை நீண்டது, இடுப்பு பின்சக்கரத்துக்கு மேல் போய் உட்கார்ந்தது, பிள்ளைகள் மூன்று சொன்னார்கள், நான்கு சொன்னார்கள். சைக்கிள் இன்னும் எழும்பியது. வலது ஆள்காட்டி விரலால் பிரேக்கைத் தொட்டார். அழுத்தினார். இறுக்கினார். அங்கிள் தரையில் உட்கார்ந்துவிட, சைக்கிள் மட்டும் தன்பாட்டில் போய் அசோசியேஷன் செயலாளரின் காரில் சாய்ந்துகொண்டது.

சி பிளாக் வாண்டு வந்து குனிந்தது. "அங்கிள், மேலே போனப்ப உங்க முன்வீல் சடக்குனு நின்னுருச்சே, ஏன்?"

அங்கிளுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. அவர் குருநாதர்கள் எல்லாம் அமெரிக்க வீடியோக்காரர்கள். அந்த ஊர் சைக்கிளில் வலது கைப் பிரேக் பின்சக்கரத்துக்கு. நம் ஊரில் வலது கை முன்சக்கரத்துக்கு. நான்கு மாதமாக அந்தரத்தில் தொங்குகிற சக்கரத்துக்கு பிரேக் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"சின்ன வயசுலேர்ந்து சைக்கிள் ஓட்டறீங்க. எந்தக் கை எந்த பிரேக்குன்னு தெரியாதாங்க?" என்று வீட்டம்மா ஒத்தடம் கொடுத்துக்கொண்டே கேட்டாராம்.

"எனக்குத் தெரியும்டி. விரலுக்குத் தெரியலை."

பிறகு இரண்டு வாரம் ஓய்வு, டாக்டர் உத்தரவு. போன வியாழக்கிழமை மறுபடி இறங்கினார், இடது விரலோடு. பதினான்காம் தூணிலிருந்து பதினெட்டாம் தூண் வரை முன்சக்கரம் தரையைத் தொடவில்லையாம். பிள்ளைகளுக்குப் பரீட்சை, ஒருவரும் இல்லை. வாட்ச்மேன் மோட்டார் போடப் போயிருந்தார். போன் சார்ஜில் இருந்தது. பார்த்தது சிசிடிவி கேமரா ஒன்றுதான்.

அசோசியேஷன் ஆபீசுக்கு ஓடினார். செயலாளர் தன் கார்க் கதவின் கீறலை இன்னும் மறக்கவில்லை. "அப்படியெல்லாம் தூக்கிக் குடுக்க முடியாது சார். ஏதாவது காணாமப் போயிருந்தா எழுத்துல புகார் குடுங்க, பார்க்கலாம்."

நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு, வெள்ளைத்தாளும் பேனாவுமாக, அங்கிள் என் வீட்டு அழைப்புமணியை அடித்தார். காணாமல் போன பொருள் என்ற இடத்தில் என்ன எழுதலாம் என்று கேட்கிறார்.