சிவப்புப் புத்தகமும் பதினொரு மணி டீயும்

மாடியில் ஓர் அறை எடுப்பது என்று முடிவானால் விவரம் தெரிந்தவர்கள் செங்கல் விலை விசாரிப்பார்கள். நான் புத்தகம் வாங்கினேன்.

முதலில், கட்டுமான ஒப்பந்தக்காரர்களின் வேதமான ஃபிடிக் சிவப்புப் புத்தகம், 1999 பதிப்பு. அணை, நெடுஞ்சாலை கட்டுகிறவர்களுக்கானது. எனக்கு வேண்டியது பத்துக்குப் பன்னிரண்டு அறை. அதில் 20.1 என்றொரு உட்பிரிவு: கூடுதல் பணமோ அவகாசமோ கேட்கும் ஒப்பந்தக்காரர், விஷயம் தெரிந்த 28 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், விட்டால் கேட்கிற உரிமையே போச்சு. மேஸ்திரி லாஃப்டுக்குத் தனிக் காசு கேட்டபோது இதை வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டவர், சட்டைப் பையிலிருந்து எங்கள் ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். ஹார்டுவேர் கடை பில்லின் பின்பக்கம், என் கையெழுத்திலேயே: “சதுர அடி ரேட். லாஃப்ட் தனி.”

அடுத்து பிரெட் புரூக்ஸ். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற ராட்சச மென்பொருளை எழுதவைத்து நொந்தவர். அந்த அனுபவத்தில் 1975-இல் ‘தி மித்திக்கல் மேன்-மந்த்’ எழுதினார். தாமதமான மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்பது அவர் விதி. பத்துப் பேர் சேர்ந்தால், பேசித் தீர்க்க 45 ஜோடி. இந்தக் கணக்கை நம்பி, இன்னும் நாலு சித்தாள் கூட்டி வருகிறேன் என்ற மேஸ்திரியைத் தடுத்தேன். “செங்கல் ஏத்துறதுக்கு என்ன சார் பேச்சு?” என்றார். புரூக்ஸும் அதையேதான் சொல்கிறார்: கதிர் அறுப்பதுபோல் பேச்சில்லாமல் பிரித்துக்கொள்கிற வேலைக்கு ஆள் கூட்டலாம். அந்தப் பக்கம் வருமுன் எனக்குத் தூக்கம் வந்திருந்தது.

மூன்றாவது, டெய்லர் பிராஞ்சின் ‘பார்ட்டிங் தி வாட்டர்ஸ்’. மார்ட்டின் லூதர் கிங் காலத்து வரலாறு, தலையணைக்கு ஆகும். அலபாமாவின் மாண்ட்கமரியில் 1955 டிசம்பரில் ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் இடம்விட மறுத்துக் கைதானார். கறுப்பின மக்கள் 381 நாள் பஸ் ஏறவில்லை. நடந்தார்கள், கார் வைத்திருந்தவர்கள் மற்றவர்களை ஏற்றிக்கொண்டார்கள். படிக்கப் படிக்க எனக்கு ரத்தம் கொதித்தது. லாஃப்ட் அநீதிக்கு எதிராக ஒத்துழையாமை அறிவித்து, பதினொரு மணி டீயை நிறுத்தினேன்.

மறுநாள் வேலைக்கு ஒருவரும் வரவில்லை. அதற்கு மறுநாளும்.

“அங்க பஸ் ஏறாம இருந்தது யாரு?” என்றாள் மனைவி.

“ஜனங்க.”

“இங்க வராம இருக்கிறது?”

அப்படியானால் நான் பஸ் கம்பெனி. அதுவும், பயணிகளில் பெரும்பாலோர் ஏறாமல் வசூல் படுத்துப்போன பஸ் கம்பெனி.

மாண்ட்கமரியில் தொடக்கத்தில் கேட்டது கொஞ்சம்தான்: டிரைவர்கள் மரியாதையாக நடக்கட்டும், முதலில் வந்தவருக்கு முதல் இடம், கறுப்பினத்தவர் வழித்தடங்களில் கறுப்பின டிரைவர்கள். அதைக்கூடத் தரமாட்டோம் என்று நகராட்சி முறுக்கியதால்தான் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பஸ்ஸில் இனப்பிரிவினையே செல்லாது என்றாயிற்று. மேஸ்திரி கேட்டதும் கொஞ்சம்தான்: டீ, கூட ஒரு வடை. மேல்முறையீடு இல்லாமல் ஒப்புக்கொண்டேன்.

ஃபிடிக் வேண்டுவோர் வந்து சும்மாவே எடுத்துப்போகலாம். வீடு கட்டப்போகிறவர்கள் வடைக்குத் தனிக் கணக்கு வையுங்கள். சதுர அடி ரேட்டில் அது சேராது.