ஒட்டுப்போர்வை அடுக்கியல்: ஒரு முதற்கட்ட ஆய்வு

குடும்ப வரலாறு எழுத நினைப்பவர்கள் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறார்கள். மூலத்தரவோ பரணில் கிடக்கிறது. நைந்த நூல்சேலைகளை நாலைந்து மடிப்பாக விரித்து, மேலே சட்டை, பாவாடைத் துண்டுகளைப் பரப்பி, ஓட்டுத் தையலால் பிணைத்த எங்கள் வீட்டுப் போர்வையே ஈண்டு ஆய்வுப்பொருள். ஆய்வு எல்லை, தலைமாடு முதல் கால்மாடு வரை.

முதலில் காலக்கணிப்பு. கீழடியில் குழிக்குள் இறங்க வேண்டும். இங்கே பிரிந்த ஓரத்தில் விரலை விட்டால் போதும். எம்.ஜி.ஆர். ஆட்சியில் இலவச வேட்டி சேலைத் திட்டம் வந்தது 1983இல். ஆகவே அந்தச் சேலை தென்படும் அடுக்கு அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. ஆனால் அது எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது! கிழிந்த பக்கம் எதுவோ அந்தப் பக்கம் புதுத்துணி வைத்துத் தைத்த பாட்டி, மண்ணடுக்கு விதிகளுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர்.

அடுத்து, டெரிகாட்டன் சிக்கல். சுற்றியுள்ள பருத்தியெல்லாம் இழை இழையாகப் போய்விட்டது. பெரியப்பாவின் கல்யாணச் சட்டை மட்டும் அதே கருநீலத்தில், சட்டைப்பையோடு விறைத்து நிற்கிறது. பையைப் பிரிக்காமல் தைத்தது ஏன்? சோம்பல் என்பது சின்ன அத்தை கட்சி. பேரப்பிள்ளைகள் புளியங்கொட்டை போட்டு வைக்க என்பது எங்கள் கட்சி. விவாதம் தீபாவளிதோறும் தொடர்கிறது.

இவ்வாய்வின் மையக் கருதுகோள் இதுதான்: எந்தத் துணி எங்கே என்பது, பாட்டி வழங்கிய தீர்ப்பு. தன் மாமியார் சேலை நட்டநடுவில். சம்பந்தி வீட்டார் வைத்துக்கொடுத்த சேலை கால்மாட்டில், அதுவும் தலைகீழாக. இதுபற்றி நேரில் வினவியபோது, “கைக்கு வந்ததை வெச்சுத் தெச்சேன், போடா” என்றார். இக்கூற்றை ஆய்வாளர் ஏற்கவில்லை.

ஒப்பாய்வும் தேவை. வங்காளத்தில் இதற்குக் காந்தா என்று பெயர். பழஞ்சேலையின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பார்கள். கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் குருசதய் அருங்காட்சியகம் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது. எங்கள் போர்வைக்கு வாய்த்தது இரண்டு அந்துருண்டை.

இதைப் படித்த கையோடு பரண் ஏறப்போகும் சக ஆய்வாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்: தரவை வாஷிங் மெஷினில் போடாதீர்கள். நனைந்த கனத்தில் பழைய தையல் தாங்காது. வெயிலில் காயவைத்துத் தட்டி எடுங்கள், போதும்.