கேளுங்க, சொல்றேன்: சாணி ஸ்பெஷல்

காக்ஸ் டவுன் வாசகர்: யானை ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடும்?

சுமார் 150 கிலோ பசுந்தீனி. பில் யார் கட்டுவது என்பதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

ஓசூர் வாசகர்: பன்னேர்கட்டா காட்டு யானைகள் எங்கள் தளி பக்கம் வந்து ராகியை மேய்ந்துவிட்டுப் போகின்றன. இதனால் யாருக்காவது லாபம் உண்டா?

காட்டுக்கு உண்டு, உங்களுக்கு இல்லை. யானைக்கு வயிறு பெரிசு, ஜீரணம் சுமார். தின்றதில் பாதிக்கு மேல் செரிக்காமலே வெளியே வந்துவிடும். அதுவும் ஒரே இடத்திலா? நாளெல்லாம் நடந்துகொண்டே, பதினைந்து இருபது தவணையில். நீங்கள் மூட்டை மூட்டையாக டிஏபி வாங்கிப் போட்டு வளர்த்த ராகியின் தழைச்சத்தும் மணிச்சத்தும் ராத்திரியோடு ராத்திரியாகக் காட்டுக்குள் கடத்தப்படுகின்றன. செக்போஸ்ட் கிடையாது, ஜிஎஸ்டி கிடையாது. இங்கே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருந்த யானை ஆய்வாளர் ராமன் சுகுமார், யானைகள் பயிர் மேய வருவதை எப்போதோ ஆராய்ந்து சொல்லிவிட்டார்: பயிர் மேய வருவதில் கொம்பன்கள்தான் முன்னணி, காட்டுப் புல்லைவிடப் பயிரில் புரதமும் சோடியமும் அதிகம். கொம்பனுக்கு ருசி தெரிகிறது. லத்தி விழுந்ததும் சாணி வண்டுகள் ஓடிவந்து மண்ணுக்குள் புதைத்துவிடும். உரம் போட்டது யானை, கொத்திவிட்டது வண்டு, கூலி கொடுத்தது நீங்கள். நஷ்டஈட்டு மனுவில் தொழில் என்ற இடத்தில் ‘வனத்துக்கு உர சப்ளை’ என்று எழுதிப் பாருங்களேன்.

லிங்கராஜபுரம் வாசகர்: உங்களுக்குப் பிடித்த நடிகை யார்?

இந்த வாரம் சாணி ஸ்பெஷல். அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள்.

அல்சூர் வாசகி: மொட்டை மாடித் தோட்டத்துக்கு ஆன்லைனில் வரட்டி வாங்கலாமா?

அபார்ட்மென்ட்காரர்களைச் சீண்டாதே என்று ஆசிரியர் உத்தரவு. எனவே, வாங்குங்கள் தாயே! எங்கள் ஜீவனஹள்ளியில் அதே சரக்கைச் சுடச்சுட வாசலிலேயே இறக்கிவிட்டுப் போகிறது பசு. நாங்கள் மிதித்துவிட்டுத் திட்டுகிறோம். காய்கறிக் குப்பையில் மேய்ந்து தார் ரோட்டில் போடுகிறது, பாவம். மண் எங்கே இருக்கிறது உறிஞ்ச? ஒரு மழை பெய்தால் ராஜகாலுவே என்கிற மழைநீர்க் கால்வாய் வழியாக ஏதாவது ஓர் ஏரிக்குப் போய் ஆகாயத்தாமரைக்கு விருந்தாகிவிடும்.

பானஸ்வாடி மாணவர்: பெரிய மிருகங்கள் அழிந்தால் என்ன குடியா முழுகிவிடும்?

அமேசானில் முழுகியது. யானைப் பருமனில் தரையில் நடந்த ஸ்லாத் மாதிரியான பிராணிகளெல்லாம் சுமார் 12,000 வருஷத்துக்கு முன் ஒழிந்தன. அதனால் ஆற்றுச் சமவெளியிலிருந்து உள்காட்டுக்கு மணிச்சத்து பரவுவது 98 சதவீதம் குறைந்துபோனதாக, 2013இல் ஆய்வாளர் கிறிஸ்டோபர் டவுட்டி குழுவினர் கணக்குப் போட்டார்கள். தண்ணீர் சத்தைப் பள்ளத்துக்குத்தான் இழுத்துப் போகும். மேட்டுக்கு ஏற்ற, கால் முளைத்த வயிறு வேண்டும் தம்பி.

பெயர் வேண்டாம், மாருதி சேவா நகர்: அப்பா ராமநாதபுரத்துக் கீதாரி. செம்மறி மந்தையோடு தஞ்சாவூர்ப் பக்கம் கிடை போடப் போவார். ஆபீசில் யாராவது கேட்டால் ‘விவசாயம்’ என்று சொல்லிவிடுகிறேன். தப்பா?

தப்பில்லை. ஆனால் அவர் வேலையில் பாதியை மறைத்துவிடுகிறீர்கள். அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கிற வயலில் ராத்திரி மந்தையை அடைத்தால், காலையில் புழுக்கையோடு மூத்திரமும் மண்ணில் இறங்கியிருக்கும். மணிச்சத்து பெரும்பாலும் புழுக்கையில். தழைச்சத்தில் பெரும்பங்கு மூத்திரத்தில். குப்பை வண்டியில் வருகிற எருவில் அந்த மூத்திரம் ஏது? பட்டியை இடம் மாற்றி மாற்றிப் போட்டு வயல் முழுக்கப் பரப்புவார்கள். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்று டெல்டாக்காரர்கள் காசும் நெல்லும் கொடுத்துக் கிடை போட்டது சும்மாவா? இந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் குருபர்களும் செய்கிற வேலைதான். யானை போகிற போக்கில் செய்வதை, உங்கள் அப்பா வயல் வயலாகப் பார்த்து, வெட்டவெளியில் படுத்துச் செய்தார். அடுத்த தடவை கேட்டால் கீதாரி என்றே சொல்லுங்கள். மேலே விவரம் கேட்பவர்களை என்னிடம் அனுப்புங்கள்.

கம்மனஹள்ளி வாசகர்: வாரம் முழுக்கச் சாணியா? காலையில் காபி குடித்துக்கொண்டே படிக்கிறோம் சார்!

சிக்கரி கலந்த காபிதானே? பாதகமில்லை.